எனக்கு டீச்சர்கிட்ட பழம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். லீவு விடும் அளவுக்கு இல்லை, நனையும் அளவுக்கு உண்டு. டி.வி. முன்னால் நின்றுகொண்டே பல் துலக்கினேன். பக்கத்து மாவட்டத்துக்கு லீவு. செங்கல்பட்டுக்கு இல்லை. நம் தலையெழுத்து.

வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டே சிரித்தார். "இன்னா, லீவு வுடுவான்னு பாத்துகினு கீறியா? பசங்கள விட உனக்குத்தான் ஆச." உண்மைதான்.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். திருக்கழுக்குன்றத்தில் பாதி பஸ் இறங்கியது, உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. செருப்பு வாய் பிளந்துவிட்டது.

வாங்க வேண்டியது: செருப்புக்கு ஒட்டு, சிவப்பு பேனா, தொண்டை மாத்திரை, கொத்தமல்லி.

பள்ளியில் டீச்சர் என்று நாங்கள் இரண்டே பேர். நாலும் ஐந்தும் பெரிய டீச்சருக்கு. தலைமையாசிரியையை இந்த மீனவர் குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். சுவருக்குப் பின்னால் சிற்பக்கூடம். அங்கே கல் அறுக்கும் மெஷின் ஓடினால் நான் கத்துவது எனக்கே கேட்காது. வருஷக்கணக்காகக் கத்துகிறேன். தொண்டை போய்விட்டது, மெஷின் நன்றாக இருக்கிறது.

அடுத்த செவ்வாய் கல்வி ஆபீசர் ஆய்வுக்கு வருகிறாராம். 'சொல்வதை எழுதுதல்' வைத்துப் பார்ப்பாராம். பெரிய டீச்சர் இப்போதே கலங்கிவிட்டார். "நோட்ல ஒரு தப்பு கூட திருத்தாம இருக்கக் கூடாது சுகுணா. புள்ளைங்க தப்பு பண்ணா பரவால்ல. நாம சுழிக்காம விட்டோம்னா நம்ம தலைதான் உருளும்."

இன்று எழுத்துப் பயிற்சி. மழையைப் பற்றிச் சொந்தமாக இரண்டு வரி. 'சொந்தமாக' என்றதும் எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். போர்டில் ஒன்றும் இல்லை. சஞ்சய் எழுந்து நின்று சொன்னான்: "டீச்சர், சொந்தமா எழுதறத போர்டுல எழுதிப் போடுங்க டீச்சர்."

திட்டத் தெம்பில்லை. எழுதிப் போட்டேன். மழை நமக்கு நன்மை தரும். மழைநீரைச் சேமிப்போம். அத்தனை நோட்டிலும் மழை நன்மை தந்தது.

யாழினி மட்டும் போர்டைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு. ஒல்லி, எண்ணெய் வழியும் தலை, எழுதும்போது நாக்கு வெளியே. எழுதியது:

'மய வந்தா நைனா கடலுக்கு போகாது. வூட்ல கீது. எனக்கு அது புடிக்கும். அம்மாக்கு புடிக்காது.'

இரண்டு தடவை படித்தேன். அப்பா, அம்மா, கடல், ஒரு வீடு முழுக்க அதில் இருக்கிறது. இந்தப் பள்ளியில் இந்த ஒரு பெண் எழுதுவதைத்தான் நான் படிக்கிறேன். மற்றதெல்லாம் திருத்துகிறேன்.

பெரிய டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சிவப்பு பேனாவை எடுத்துச் சுழித்தேன். மய-வில் ய. வூட்ல. கீது. புடிக்கும். கடைசியில் அவள் பெயர். யாயினி என்று எழுதியிருந்தாள். அதிலும் ஒரு வட்டம். மேலே ழ போட்டேன்.


நவம்பர் 11, செவ்வாய்

வெயில். புழுக்கம். இட்லி மாவு புளித்துவிட்டது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். யாழினி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், எம் பேருலயே தப்பா?"

"யா-ழி-னி. நாக்கை உள்ளே மடிச்சு சொல்லு."

"யா-யி-னி."

"ழி."

"யி."

"அப்ப ஒம் பேரு ஒனக்கே சொல்ல வரலியே!" இது சஞ்சய். அவனுக்கு மட்டும் வருமா? அவன் வீட்டில் வாயப்பயம்தான் சாப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் யாருக்கு வரும்? கண்டக்டர் 'கயுக்குன்றம், கயுக்குன்றம்' என்று கத்துகிறார். ஆனாலும் ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது, பஸ்ஸும் போய்ச் சேருகிறது.

எனக்கும் வராமல்தான் இருந்தது. கருங்குழிப் பெண். வீட்டில், தெருவில், ரேஷன் கடையில் எல்லாம் கருங்குயி. ஆசிரியர் பயிற்சியில் முதல் நாள் ஊர் பேர் கேட்டார்கள். சொன்னேன். ஹாஸ்டலே சிரித்தது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். இப்போது வகுப்பில் ழ, வீட்டில் ய. செருப்பு மாதிரி வாசலில் மாற்றிக்கொள்கிறேன்.

மத்தியானம் முழுக்க ழ பயிற்சி. ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் அந்தப் பழைய வாக்கியம். வகுப்பே கத்தியது. யேயக் கெயவன். பின்னால் மெஷின். கிழவன் விழுந்துகொண்டே இருந்தான். எனக்குத் தலைவலி.

யாழினி கத்தவில்லை. நோட்டில் தன் பெயர் மேல் நான் போட்ட வட்டத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள்.


நவம்பர் 12, புதன்

மூட்டு வலி. மாத்திரை போட்டேன். ஆன்லைனில் பிள்ளைகளின் படிப்பு நிலையை ஏற்ற வேண்டும், டவர் இல்லை. மொட்டை மாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கீழே பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள், விளையாட்டு என்று.

ஆனால் இன்று ஒரு சிரிப்பு. எழுதி வைக்க வேண்டும்.

'எனக்குத் தெரிந்தவர்கள்' என்று எழுதச் சொன்னேன். சஞ்சய்க்கும் கூட்டத்துக்கும் வழக்கம்போல் போர்டில் போட்டேன். யாழினி தனியாக எழுதினாள். வாங்கிப் பார்த்தால் ழ மழை பெய்திருக்கிறது! 'எங்கள் வீட்டில் நாழ் உள்ளது. நாழ் பாழில் படுக்கும். அம்மா காழ் வாங்கும்.' நாய், பாய், காய். ஒன்றையும் விடவில்லை. சத்தமாகப் படித்தேன். வகுப்பு உருண்டு புரண்டது. நாழ், நாழ் என்று இரண்டாம் வகுப்பு குரைத்தது.

கடைசி வரி: 'எனக்கு டீச்சர்கிட்ட பழம்.'

"டீச்சர்கிட்ட பழமா? எங்க டீச்சர், எங்க?" என்று எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பெரிய டீச்சர் சத்தம் கேட்டு வந்தார். அவருக்கும் காட்டினேன். "பரவால்ல சுகுணா, உங்கள பழம்ங்கறா. என்னைய யாரு சொல்றா?" என்றார்.

யாழினியைக் கேட்டேன். "என்னம்மா, டீச்சர் உனக்குப் பழமா? பழம் வேணுமா?" தலையைக் குனிந்துகொண்டாள். நோட்டை மூடினாள். வெட்கம் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் பழம் என்று யாரும் சொன்னதில்லை.


நவம்பர் 13, வியாழன்

காலையில் திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கொய்யா வாங்கினேன். பெரிதாக, லேசாக மஞ்சள் தட்டியது. பிரேயர் முடிந்ததும் யாழினியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "இந்தா, டீச்சர்கிட்ட பழம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பையில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

எழுத்துப் பயிற்சி. அவள் போர்டைப் பார்த்து எழுதினாள். எல்லோரையும்போல. 'மரம் நமக்கு நிழல் தரும்.' ஒரு தப்பு இல்லை. கோட்டின் மேல் உட்கார்ந்த எழுத்து. பெயர்கூட என் வட்டத்தைப் பார்த்து எழுதியது. யாழினி.

பெரிய டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா? திருந்திட்டா. கண்டிப்பா இருந்தா எல்லாம் வரும்."

நானும் நிம்மதியாகத்தான் கிளம்பினேன். ஆபீசர் வந்தால் காட்ட ஒரு நோட்டு ஆயிற்று.

திரும்பும்போது கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்ட். அதே கொய்யாக்காரம்மா. கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வந்தாள். "பயம்! பயம்! கொய்யாப் பயம்! பயம் வாணுமா டீச்சர்? காலைல வாங்கினியே, பயம் நல்லா இருந்துச்சா?"

பயம்.

தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் பயம் என்றுதான் எழுத நினைத்திருக்கிறாள். எனக்கு டீச்சர்கிட்ட பயம். எங்கெல்லாம் ய போட்டாளோ அங்கெல்லாம் நான் வட்டம் போட்டேன். அதனால் இதையும் மாற்றிவிட்டாள். ய போட்டால் தப்பு, ழ போட்டால் டீச்சர் சும்மா இருப்பாள். சரியாக எழுதத் தெரிந்த வார்த்தையையும் நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். நான் அதை வகுப்புக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். மறுநாள் பழமும் வாங்கிக் கொடுத்தேன்.

கொய்யாக்காரம்மா நின்றுகொண்டே இருந்தாள். "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லியா?" வேண்டாம் என்று கை காட்டினேன். பஸ் எடுத்துவிட்டது.


நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய், பலூன், பாட்டு. பெரிய டீச்சர் உரை. மெஷின்காரரிடம் சொல்லி அரை மணி நிறுத்தச் சொன்னோம். நிறுத்தினார். அந்த அமைதியில் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

யாழினியின் அம்மா வந்திருந்தாள். மீன் ஏலத்தில் எடுத்து ஹோட்டல்களுக்குப் போடுகிறவள். வாசலிலேயே நின்றாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "உள்ள வாம்மா" என்றேன். "கவுச்சி நாத்தம் டீச்சர். இங்கயே நிக்கறேன்."

"இத கேக்கத்தான் வந்தேன். இது வூட்ல எத்தையாவுது எழுதிகினே கெடக்கும். காலண்டர் கீச்ச முடியாது, பின்னால எழுதிடும். இப்ப ரெண்டு மூணு நாளா பென்சில தொட மாட்டுது. இன்னாடின்னா, எனக்கு எழுத வராதுன்னு சொல்லுது. தப்பு பண்ணுதா டீச்சர்? பண்ணா அடிங்க. எனக்கு அது எழுதணும். எங்கூட்ல எழுதற ஆளு அது ஒண்ணுதான்."

அடித்துவிட்டேன் அம்மா, அதனால்தான் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்துக்கறேன்" என்றேன்.

பெயர் யார் வைத்தது என்று கேட்டேன். சிரித்தாள். "அவங்க நைனாதான். டவுன்ல எங்கியோ போர்டுல பாத்துட்டு வந்து வச்சாரு. அவருக்கே சொல்ல வராது. இந்த குப்பத்துல யாருக்கு வருது? வரலன்னா என்னா, கூப்ட்டா திரும்பிப் பாக்குது."

பிறகு யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தப்பெல்லாம் பார்க்க மாட்டேன், எதை வேண்டுமானாலும் எழுது என்றேன். வெள்ளைத் தாள், புதுப் பென்சில். தாளைப் பார்த்தாள். என் கைப்பையில் செருகியிருந்த சிவப்பு பேனாவைப் பார்த்தாள்.

"போர்டுல எழுதுங்க டீச்சர். பாத்து எழுதறேன்."

தாள் வெள்ளையாகவே இருந்தது. மிட்டாய்க் காகிதம் பெருக்கினேன். பஸ்ஸில் இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தேன். அசதி. உடம்பு அசதி இல்லை இது.


நவம்பர் 16, ஞாயிறு

கருங்குழி. தம்பி மகளுக்குக் காதுகுத்து. ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல், ஊர் வரைக்கும் ஊர்ந்து போனோம்.

சாப்பாட்டுப் பந்தி, மைக் செட், தூறல். "டீச்சரம்மா வந்துகீது, நாற்காலி போடு!" தம்பி மச்சான், "அண்ணி, நீங்க வந்தா வூட்ல எல்லாம் தூய தமியு பேசணும்" என்று கிண்டல். பேசவில்லை. நானும் கொயம்பு, பயம், மய என்றே பேசினேன். வாய்க்கு எவ்வளவு சுகம்! நாக்கை எங்கும் மடிக்க வேண்டாம். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரு தடவைகூட ழ சொல்லவில்லை. காது குத்திய குழந்தை அலறியபோது, "அயாதடி கண்ணு" என்று நான்தான் தூக்கினேன்.

தலை நனைந்துவிட்டது. தொண்டையில் முள். திரும்பும்போது அவர் மேல் சாய்ந்து தூங்கினேன்.


நவம்பர் 17, திங்கள்

மழை லீவு! இப்போதுதான் விட்டார்கள், எனக்குக் காய்ச்சல் வந்த பிறகு.

துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. கஷாயம் போட்டுக் குடித்தேன். அவர் ஆபீஸிலிருந்து போன் செய்தார்: "நாளைக்கு லீவு போட்டுடேன்." ஆபீசர் வருகிற நாள். எப்படிப் போட?

படுத்துக்கொண்டே யோசனை. நைனா இன்று கடலுக்குப் போயிருக்காது. வூட்ல கீது. அவளுக்குப் புடிக்கும்.

எழுதியிருப்பாளா? எங்கே எழுதுவாள்? பென்சிலையே தொட மாட்டாள் என்றாளே அம்மா.


நவம்பர் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீசர் பதினோரு மணிக்கு மேல் வந்தார். மோசமான மனுஷன் இல்லை. பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னார். கரை மண்ணைக் கால்மிதியில் துடைத்துவிட்டு வந்தார். "நீங்களே சொல்லுங்கம்மா, அவங்களுக்கு உங்க குரல்தான் பழக்கம்" என்று பின்னால் போய் உட்கார்ந்தார்.

குரலா? காலையிலேயே பாதி போய்விட்டது. காய்ச்சல் மாத்திரையில் நாக்கு வறண்டு ஒட்டியது. பின்னால் மெஷின். பெரிய டீச்சர் ஓடிப் போய் நிறுத்தச் சொன்னார், இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

வார்த்தைகளைக் கத்தினேன். மரம். பட்டம். மழை. கோழி. வாழை. குழந்தை. நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

யாழினி ஜன்னல் பக்கம். மரத்துக்கு எழுதவில்லை. பட்டத்துக்கு எழுதவில்லை. தாள் காலி. காலித் தாள் என்றால் அவளை எழுத்தே தெரியாதவர்களின் அ, ஆ குழுவில் போட்டுவிடுவார்கள். மூன்றாவது வார்த்தை சொன்னபோது சட்டென்று நிமிர்ந்தாள். என் வாயையே பார்த்தாள். அடுத்த வார்த்தைக்கும் பார்த்தாள். அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நாக்கு வெளியே.

தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நெற்றி சுருங்கியது. எல்லாத் தாளிலும் மயை. கோயி. வாயை. குயந்தை. முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை.

"என்னம்மா இது, ஒரு பிள்ளைக்குக் கூட வரலையா? எல்லாரும் எப்படி ஒரே தப்பு?"

பெரிய டீச்சர் முகம் செத்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது தப்பு இல்ல சார். டீச்சர் அப்டித்தான் சொன்னாங்க."

யாழினி எழுந்து நின்றிருந்தாள். கோள் சொல்லும் முகம் இல்லை அது. கண்டுபிடித்த முகம். என்னைப் பார்த்து அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

"டீச்சருக்கும் வர்ல சார்! மய-ன்னு சொன்னாங்க. கோயி-ன்னு சொன்னாங்க. எங்கூட்ல மாதிரியே!"

வகுப்பு வாயைப் பொத்தியது. ஆபீசர் என்னைப் பார்த்தார். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மறுக்கவும் ழ வேண்டுமே, "மழை என்றுதான் சொன்னேன் சார்" என்று சொல்ல வேண்டுமே. அந்த நிமிஷம் என் நாக்கின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

"ஆமாம் சார்" என்றேன். "நான்தான்."

ஹாஸ்டல் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. காது மடல் எரிந்தது. ஆனால் அந்தப் பெண் பேசிவிட்டாள். சொந்தமாக.


நவம்பர் 19, புதன்

தொண்டை கொஞ்சம் தேவலை. கை கால் கழன்ற மாதிரி.

ஆபீசர் போகும்போது எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டுவிட்டுப் போனார். பெரிய டீச்சர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலை மட்டும்: "இருபது வருஷ சர்வீஸ் சுகுணா. ஒரு பொடிசு சொல்லிச்சுன்னு ஆமாம் சார்னுட்டீங்களே. ஒலி மாசு, மெஷின் சத்தம்னு ஆயிரம் சொல்லலாம்."

விளக்கத்துக்கு ஃபார்மட் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சொந்தமா எழுதறத போர்டுல எழுதிப் போடுங்க டீச்சர். நானும் போர்டைப் பார்த்து எழுதுகிறவள்தான்.

ஃபார்மட் இல்லை. உட்கார்ந்தேன். மேலே பார்வை, பொருள் எல்லாம் போட்டேன். அதற்குக் கீழே கை ஓடவில்லை. பத்துத் தடவை அடித்து எழுதினேன். கடைசியில் இப்படி நின்றது:

'அன்று எனக்குக் காய்ச்சல். தொண்டை சரியில்லை. நான் மய என்று சொன்னேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் கேட்டதைச் சரியாகவே எழுதினார்கள்.'

பெரிய டீச்சர் படித்துவிட்டு, "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க" என்றார். கையெழுத்து போட்டு அனுப்பிவிட்டேன். வருவது வரட்டும்.

மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் யாழினி தானாக வந்தாள். முட்டை வாசம்.

"டீச்சர், ஒங்கூரு எது?"

"கருங்குழி."

"வூட்ல எப்டி சொல்வீங்க?"

சுற்றிப் பார்த்தேன். "கருங்குயி."

கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எழுதச் சொல்ல?"

"எழுதும்போது ழ. வாய்க்கு ய, கைக்கு ழ. வாய் அதுபாட்டுக்கு வீட்டுப் பேச்சு பேசும். கை பள்ளிக்கூடப் பேச்சு பேசும். ரெண்டும் ஒரே ஆளுதான்."

"எல்லாத்துக்கும் கைக்கு ழ-வா?"

"இல்லை. நாய்க்கு ய. பாய்க்கு ய. பயத்துக்கும் ய. அது நீ சரியாத்தான் நினைச்ச. நான்தான் தப்பாப் படிச்சேன். சிரிச்சதும் தப்பு."

தரையைப் பார்த்தாள். காலால் மணலைத் தள்ளினாள். இப்போது எனக்குப் பயம், இந்த வயதில், இந்தப் பொடிசு முன்னால்.

"அப்ப நானு எழுதுனா யாழினி," என்றாள் மெதுவாக, யி என்றேதான் சொன்னாள், "கூப்ட்டா யாயினி."

ஓடிவிட்டாள். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.


நவம்பர் 20, வியாழன்

தூறல். பஸ் லேட். செருப்பை ஒட்டினேன், அது மறுபடி வாய் திறந்தது.

விளக்கத்துக்குப் பதில் வரவில்லை. டவர் இல்லை. ஆன்லைனில் வகுப்பு முழுக்கக் கீழ்க் குழுவில் காட்டுகிறது என்று பெரிய டீச்சர் சொன்னார். அ, ஆ-விலிருந்து எல்லோருக்கும் மறுபடி. சரி, நடத்துகிறேன். வேறு என்ன வேலை எனக்கு?

சிவப்பு பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

எழுத்துப் பயிற்சி. போர்டில் ஒன்றும் போடவில்லை. சஞ்சய் கையைத் தூக்கினான். "இன்னா டீச்சர் எழுதறது?" "தெரியாதுடா" என்றேன். "எனக்கும் தெரியாது. எழுதிப் பாரு." ரொம்ப நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுதினான். 'இன்னிக்கி முட்ட சின்னது.' அவ்வளவுதான். போதும்.

மெஷின் ஓடியது. நான் கத்தவில்லை.

யாழினி கடைசியாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, நான் படிப்பதற்குள் வெளியே போய்விட்டாள். பஸ்ஸில்தான் பிரித்தேன். கழுக்குன்றம் தாண்டிய பிறகு. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், எது ய, எது ழ என்று பார்த்துப் பார்த்து.

'டீச்சருக்கு மழை சொல்ல வர்ல. எனக்கும் வர்ல. டீச்சர்கிட்ட எனக்கு பயம் இருந்துச்சு. இப்ப கொஞ்சூண்டு கீது. அன்னிக்கி குடுத்த பழம் நான் சாப்டல. தம்பிக்கி குடுத்துட்டேன். இன்னொண்ணு குடுத்தா சாப்டுவேன்.'

நாளைக்கு வாங்க வேண்டியது: தொண்டை மாத்திரை, கொத்தமல்லி, கொய்யாப்பழம்.